அப்பாட வில்லுக்கத்தியைக் கழட்டின கதை



இந்தக் கிழமை எபிசோட்டில் ஃபோன் பற்றரியை நாங்களே மாற்றுவது பற்றிக் கதைத்தோம். முடிக்கிற நேரத்தில் ஒரு கேள்வி வந்தது: "அண்ணா, ஃபோன், லேப்டாப் தவிர வேற என்னத்தைக் கழட்டிப் பூட்டுவீங்கள்?" "மடக்குக்கத்தி" என்று சொன்னேன். இரண்டு செக்கன் ஒருத்தரும் கதைக்கவில்லை. நேரமும் முடிந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்ட விளக்கம்தான் இது.

லண்டனில் வளர்ந்த தமிழ்ப் பொடியன் ஒருவன் "எனக்குக் கத்தி விருப்பம்" என்று சொன்னால் அம்மா பயப்படுவார். அது நியாயமான பயம். அதனால் சட்டத்தைப் பற்றியும், நான் மாட்டுப்பட்டதைப் பற்றியும் கீழே ஒளிக்காமல் எழுதியிருக்கிறேன். அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போகாதேங்கோ.

எந்தக் கத்தி?

அப்பாவிடம் சிவப்பு நிறத்தில் ஒரு விக்டோரினாக்ஸ் இருக்கிறது. 1991இல் சூரிச்சில் இருந்து பெரியப்பா வந்தபோது கொடுத்தது. மூடினால் 91 மில்லிமீட்டர் நீளம், மொடல் பெயர் ஸ்பார்ட்டன். அப்பா வேலை செய்த கடையில் இருபது வருஷம் பெட்டி வெட்டியது அந்தக் கத்திதான். பிறகு சமையலறை லாச்சியில், பழைய பற்றரிகளுக்கும் ரப்பர் பாண்டுகளுக்கும் நடுவில் கிடந்தது.

அப்பா அதை "வில்லுக்கத்தி" என்றுதான் சொல்வார். சின்ன வயதில், இதில் வில் எங்கே, அம்பு எங்கே என்று யோசித்திருக்கிறேன். ஊரில் ஸ்பிரிங்குக்கும் வில் என்றுதான் பெயர் என்பது பிறகுதான் விளங்கியது. கத்தியைக் கழட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் விளங்கியது. அந்தப் பெயர் வைத்தவருக்குக் கத்தியின் முக்கியமான பாகம் எது என்று தெரிந்திருக்கிறது.

போன வருஷம் அதைப் பார்த்தபோது ஒரு பக்கத்துச் சிவப்புத் தகடு வெடித்திருந்தது. பல்குச்சி தொலைந்துவிட்டது. பிளேடு தீட்டித் தீட்டி ஒடுங்கி, நுனியும் உடைந்திருந்தது. "நான் புதுசாக்கித் தாறன்" என்று எடுத்துக்கொண்டு போனேன். என்ன வேண்டும் என்று அப்பாவிடம் கேட்கவில்லை. இந்தப் பிழை பிறகு திரும்ப வரும்.

ஒரு வில், இரண்டு பக்கம்

சுவிஸ் நாட்டின் ஈபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் 1884இல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். அந்தச் சிப்பாய்க் கத்தி உறுதியானது, ஆனால் பாரம் கூட. அதைவிட மெல்லிய "அதிகாரிகள் கத்தி"யை 1897 ஜூன் 12இல் பதிவு செய்தார். இன்றைக்கு நாங்கள் சுவிஸ் கத்தி என்று சொல்வது அதன் பிள்ளை, பேரப்பிள்ளைகளைத்தான்.

அதில் அவர் செய்த கெட்டித்தனம், ஒரே வில்லை இரண்டு பக்கமும் வேலை செய்ய வைத்தது. கத்தியின் முதுகில் நீளமாக ஒரு எஃகு வில் கிடக்கும். அதன் உள்பக்கம் பிளேடுகளைப் பிடிக்கும், வெளிப்பக்கம் தக்கைத் திருகியைப் பிடிக்கும். ஒரு வில்லுக்கு மூன்று, நாலு கருவி. இடமும் மிச்சம், பாரமும் மிச்சம்.

இந்தக் கத்தியைச் சாண்ட்விச் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். அலுமினியத் தகடு, வில்லோடு கருவிகள், திரும்பத் தகடு, திரும்பக் கருவிகள். ஸ்பார்ட்டனில் இரண்டு அடுக்கு. கத்தரிக்கோல் சேர்த்தால் மூன்று அடுக்கு, அதற்குப் பெயர் கிளைம்பர். மரம் அறுக்கிற வாளும் சேர்த்தால் நாலு அடுக்கு, அது ஹன்ட்ஸ்மன். இவை எல்லாவற்றையும் ஊடறுத்துப் பித்தளை ஆணிகள் போகும். ஆணியின் இரண்டு தலையையும் தட்டி விரித்திருப்பார்கள். ஒரு திருகாணிகூடக் கிடையாது.

பிளேட்டின் அடிப்பகுதி வட்டமாக இல்லாமல் தட்டையான முகங்களோடு இருக்கும். பிளேடு முழுதாகத் திறந்திருக்கும்போதும் மூடியிருக்கும்போதும் ஒரு தட்டை முகம் வில்லில் படிந்திருக்கும். நடுவில் நிற்கும்போது ஒரு மூலை வில்லை மேலே தள்ளும். அந்தத் தள்ளல் விடுபடும்போது வருகிற சத்தம்தான் 'டக்'. பூட்டு என்று ஒன்றும் இல்லை. முதுகுப் பக்கம் பலமாக அமத்தினால் பிளேடு மடங்கிவிடும்.

எல்லாம் எஃகுதான், ஆனால் எல்லாம் ஒரே கடினம் இல்லை. ராக்வெல் அளவில் பிளேடு 56, கத்தரிக்கோலும் வாளும் 53, திறப்பான்கள் 52, வில் 49. கடினம் கூடினால் வெட்டும் விளிம்பு நாளைக்கு நிற்கும், ஆனால் வளைத்தால் முறியும். வில் ஒவ்வொரு நாளும் வளையவேண்டியது, அதனால் அது மென்மை. "எல்லாப் பாகத்தையும் நல்ல எஃகில் மாத்துவம்" என்று வெளிக்கிடுகிறவர்களுக்கு இது நல்ல பதில். வில்லுக்கு நல்ல எஃகு வேறு, பிளேட்டுக்கு நல்ல எஃகு வேறு.

முதல் மாற்றம்: கைப்பிடி

இது லேசு. இரண்டு பக்கத்துச் சிவப்புத் தகடுகளும் ஒட்டப்பட்டவை இல்லை. தகட்டின் உள்பக்கத்தில் சின்னக் குழிகள் இருக்கும். ஆணித் தலைகள் அந்தக் குழிகளுக்குள் அழுந்திப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். எங்கள் மொழியில் சொன்னால் இது கழட்டிப் பூட்டுவதற்கு வசதியான இன்டர்ஃபேஸ்.

பல்குச்சியையும் சாவணத்தையும் எடுத்துவிடுங்கள். கத்தியைக் கொஞ்ச நேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்தால் பிளாஸ்டிக் இளகும். மெல்லிய தகடு ஒன்றை ஆணி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் நுழைத்து மெல்ல நெம்புங்கள். பழைய தகடு அநேகமாக உடையும், கவலைப்படாதேங்கோ. புதியதைச் சரியாகப் பொருத்தி, துணி சுற்றிய கிளாம்பால் ஒவ்வொரு ஆணித் தலைக்கு மேலும் அமத்தினால் 'டிக்' என்று உட்காரும். இருபது நிமிஷ வேலை.

என்ன பொருளில் போடலாம்? இதில்தான் ஆட்களுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

செலிடோர்: கடையில் வருகிற அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக். செல்லுலோஸில் இருந்து செய்வது. பாரம் இல்லை, மலிவு. கீறல் விழும், பலமாக விழுந்தால் வெடிக்கும்.

ஜி10: கண்ணாடி நார்த் துணியை எப்பொக்சியில் தோய்த்து, அடுக்கி அமத்திச் செய்வது. உங்கள் கணினியின் மதர்போர்ட் எஃப்ஆர்-4 என்ற பொருளில் செய்தது. அது ஜி10இன் லேசில் தீப்பிடிக்காத தம்பி. மதர்போர்ட்டைக் கையில் பிடித்தால் வருகிற அந்த உறுதிதான் இதிலும்.

மைக்கார்ட்டா: துணி அல்லது கடதாசியைப் பீனோலிக் பிசினில் தோய்த்து அமத்தியது. நூறு வருஷத்துக்கு முதல் மின்சாரக் காப்புக்காக வந்த பொருள். கை எண்ணெய் பட்டு நிறம் மாறும், ஈரக்கையிலும் வழுக்காது.

டைட்டேனியம், பித்தளை: பாரத்தை யோசியுங்கள். ஒரு கன சென்டிமீட்டர் ஜி10 இரண்டு கிராமுக்குக் குறைவு. டைட்டேனியம் நாலரை கிராம், பித்தளை எட்டரை கிராம். பித்தளை அழகுதான், ஆனால் கால்சட்டைப் பொக்கற் கீழே இறங்கும், கையும் மணக்கும்.

மரம்: வால்நட் நன்றாக இருக்கும். தண்ணீரில் ஊறவிடக்கூடாது, எண்ணெய் தடவவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. ஜி10, கார்பன் ஃபைபர் இரண்டையும் வெட்டினாலோ அரத்தால் தேய்த்தாலோ வரும் தூசி சுவாசப்பைக்குக் கூடாது. சரியான மாஸ்க் போட்டு, ஈரமாக வைத்துத்தான் தேய்க்கவேண்டும். வீட்டில் குழந்தை இருந்தால் வெட்டி முடித்ததையே வாங்குங்கள்.

நான் கறுப்பு ஜி10 போட்டேன். படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். இதோடு நிறுத்தியிருக்கலாம்.

இரண்டாவது மாற்றம்: பிளேடு

பிளேட்டை மாற்றுவதென்றால் ஆணியை எடுக்கவேண்டும். விரித்த தலையை வெட்டாமல் ஆணி வராது. இது திறந்து மூடுகிற கதவு இல்லை, ஒருவழிப் பாதை. பழைய நிலைக்கு ரோல்பேக் கிடையாது.

பாவித்த கிளைம்பர் ஒன்றை மலிவாக வாங்கினேன். அதன் பிளேட்டை அப்பாவின் கத்திக்கு மாற்றுவது திட்டம். கண்ணாடி போட்டு, பிளேடுகளுக்கு டேப் சுற்றி, ஆணித் தலையின் நடுவைப் பஞ்சால் புள்ளி குத்தி, சின்ன டிரில்லால் தலையை மட்டும் எடுத்தேன். ஆணியைத் தட்டி வெளியே தள்ளினேன். கிளைம்பர் அழகாகப் பிரிந்தது. கழட்டிய ஒழுங்கில் பாகங்களை ஒரு தாளில் வைத்து, நம்பர் போட்டுப் படமும் எடுத்தேன்.

முதல் முயற்சி நன்றாகப் போனதுதான் வினை. அப்பாவின் கத்திக்கு நடுப்புள்ளி குத்தாமலே டிரில்லை வைத்தேன். பித்தளைத் தலையில் நுனி வழுக்கி அலுமினியத் தகட்டுக்குள் இறங்கியது. அலுமினியம் வெண்ணெய் மாதிரி. ஒரு செக்கனில் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டது. துளை வட்டமாக இல்லை என்றால் ஆணி ஆடும், ஆணி ஆடினால் பிளேடு ஆடும். அந்தத் தகட்டை இனி ஒன்றும் செய்யமுடியாது.

முப்பது வருஷக் கத்தியை மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டேன். ஒரு கிழமை அப்பாவின் ஃபோனை எடுக்கவில்லை.

கடைசியில் எல்லாப் பாகத்தையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அப்பா மேசையில் எல்லாவற்றையும் பரப்பினார். ஏசவில்லை. பழைய பிளேட்டை மட்டும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுக்கு என்னடா குறை?"

"நுனி உடைஞ்சு போச்சப்பா. தேஞ்சும் போச்சு. அதான் புதுசு போடுவம் எண்டு…"

"நுனியை அராவி விட்டாச் சரி. தேஞ்சது நான் தீட்டினபடியால. இது எப்பிடி வெட்டும் எண்டு எனக்குத் தெரியும். உடைஞ்சது தகடுதானே, அதைத்தானே மாத்தச் சொன்னனான்?"

உண்மையில் அவர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. பத்து வருஷமாக கொன்ட்ராக்ட் வேலை செய்கிறேன். பாவிக்கிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்காமல் டெலிவரி செய்யாதே என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பேன்!

அதனால் திட்டத்தைத் தலைகீழாக்கினேன். தகடுகள், வில், கத்தரிக்கோல் எல்லாம் கிளைம்பருடையவை. பிளேடு மட்டும் அப்பாவுடையது. நான் எறிய நினைத்த பாகம்தான் கடைசியில் மிஞ்சியது.

நுனியைச் சரிசெய்யும்போது பிளேட்டின் முதுகுப் பக்கத்தைத்தான் கீழே இறக்கவேண்டும். வெட்டும் விளிம்பைத் தொடக்கூடாது. மெசினில் பிடித்தால் எஃகு சூடாகிக் கடினம் போய்விடும், அதனால் கல்லில் தண்ணீர் விட்டுக் கையாலேயே தேய்த்தேன். ஆணியை அடிக்கமுதல் தளர்வான ஆணிகளைப் போட்டு ஒருமுறை சேர்த்துப் பார்த்தேன். பிளேடு வில்லில் சரியாகப் படிகிறதா, மூடும்போது விளிம்பு வில்லில் இடிக்கிறதா என்று இந்தக் கட்டத்தில் பார்த்துவிடவேண்டும். பிறகு புதுப் பித்தளை ஆணி, சின்னச் சுத்தியல், மெல்லிய தட்டல். நாலு தட்டலுக்கு ஒருக்கால் திறந்து மூடிப் பாருங்கள். இறுகினால் பிளேடு 'டக்' என்று போகாது, தளர்ந்தால் ஆடும். இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. அதைக் காதால்தான் பிடிக்கவேண்டும்.

திருகாணிக் கத்திகள்

"அண்ணா, இவ்வளவு கஷ்டமா?" என்று கேட்பீர்கள். எல்லாக் கத்தியும் இப்படி இல்லை. இன்றைய மடக்குக்கத்திகள் பல டோர்க்ஸ் திருகாணி வைத்தவை. பெஞ்ச்மேட் நிறுவனம் 2017இல் கொண்டுவந்த பகவுட் நல்ல உதாரணம். முழுக் கத்தியும் 52 கிராம் அளவுதான். சில திருகாணிகளைக் கழட்டினால் கைப்பிடி கையில் வந்துவிடும். வேறு நிறுவனங்கள் அதற்கென்றே டைட்டேனியம், அலுமினியம், மைக்கார்ட்டா கைப்பிடிகள் செய்து விற்கிறார்கள்.

ஆனால் திருகாணி இருப்பதால் எல்லாவற்றையும் மாற்றலாம் என்று அர்த்தம் இல்லை. அந்தக் கத்திகளில் பூட்டு இருக்கிறது. பிளேட்டின் அடியும் பூட்டும் சந்திக்கும் இடத்தில் மயிரிழை பிழைத்தாலும் பூட்டு வழுக்கும், வழுக்கினால் விரலில்தான் மூடும். அதே மொடல் பிளேடாக இருந்தாலும் உங்கள் கத்தியில் சரியாகப் படியும் என்று சொல்லமுடியாது. கைப்பிடி மாற்றுவது தோற்றம் மாற்றுவது மாதிரி. பிளேடு மாற்றுவது பாதுகாப்புச் சம்பந்தப்பட்ட கோடில் கை வைப்பது மாதிரி. மாற்றினால் கையில் எடுக்கமுதல் மேசையில் வைத்துப் பூட்டைச் சோதியுங்கள். கழட்டினால் உத்தரவாதம் என்ன ஆகும் என்பதையும் முதலே வாசியுங்கள்.

சட்டம்: இதைத் தாண்டிப் போகாதேங்கோ

எனக்கு 26 வயதில் பூட்டுள்ள கத்தி ஒன்று இருந்தது. கைப்பிடி மாற்றி, பிளேடு வழுவழு என்று திறக்கும்படி செய்திருந்தேன். ஒரு டேட்டா சென்டரில் கேபிள் கட்டுகளை வெட்டப் பாவித்தேன். ஒரு சனிக்கிழமை, சினேகிதனின் பிறந்தநாளுக்குப் போகும்போது அது பையிலேயே கிடந்தது. ரயில் நிலையத்தில் பொலிஸ் பையைச் சோதித்தது.

"வேலைக்கு" என்றேன்.

"இண்டைக்கு வேலையா?" என்ற மாதிரி ஒரு கேள்வி. இல்லை.

கத்தியை எடுத்துக்கொண்டு எச்சரித்து விட்டார்கள். ஆனால் அந்த அரை மணித்தியாலம் மறக்காது. என் பெயரில் ஒரு பதிவு விழுந்திருந்தால், பாதுகாப்புச் சோதனை கேட்கும் எந்த கொன்ட்ராக்ட்டும் எனக்குக் கிடைத்திருக்காது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 139ஆம் பிரிவு சொல்வது இதுதான். மடங்கும் பொக்கற் கத்தி, வெட்டும் விளிம்பு மூன்று அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு, மேல் இல்லை என்றால் காரணம் இல்லாமலே கொண்டுபோகலாம். திறந்த பிறகு பூட்டிக்கொள்ளும் கத்தி இந்தச் சலுகைக்குள் வராது என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. அதைப் பொது இடத்தில் வைத்திருக்க நல்ல காரணம் வேண்டும். "பையில மறந்துபோய்க் கிடந்தது" என்பதை நல்ல காரணமாக நம்பியிருக்காதேங்கோ. ஆளை வெருட்டும் நோக்கத்தோடு வைத்திருந்தால் எந்தக் கத்தியும் ஆயுதம்தான், அளவு உதவாது.

அப்பாவின் 91 மில்லிமீட்டர் கத்தியில் பூட்டு இல்லை, விளிம்பும் மூன்று அங்குலத்துக்குக் குறைவு. நான் பூட்டுக் கத்திகளை விட்டு வில்லுக்கத்திக்கு வந்த காரணம் இதுதான்.

கனடாவில் இருப்பவர்களுக்கு வேறு கண்ணி இருக்கிறது. அங்கே குற்றவியல் சட்டம், புவியீர்ப்பாலோ கையை உதறும் விசையாலோ தானாகத் திறக்கும் கத்தியைத் தடை செய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. கடையில் வாங்கும்போது இறுக்கமாக இருந்த கத்திக்கு நீங்கள் பெயரிங் போட்டு, நடுத் திருகாணியைக் கொஞ்சம் தளர்த்தினால், உதறத் திறக்கும். ஒரு புதுப் பாகமும் சட்டவிரோதமாக வாங்கவில்லை, ஆனால் உங்கள் மேசையிலேயே கத்தி சட்டத்தின் மற்றப் பக்கத்துக்குப் போய்விட்டது. ஜெர்மனியில் ஒரு கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தகுந்த காரணம் இல்லாமல் வெளியே கொண்டுபோகக்கூடாது. நாட்டுக்கு நாடு வேறு. திருகாணியைத் தொடமுதல் உங்கள் நாட்டு அரசாங்கப் பக்கத்தை வாசியுங்கள்.

அப்பாவின் தீர்ப்பு

கத்தியைத் திரும்பக் கொடுத்தேன். புது உடம்பு, பழைய பிளேடு, கறுப்பு ஜி10 கைப்பிடி. அப்பா கையில் வாங்கி உருட்டிப் பார்த்தார்.

"ஏன் கறுப்பு?"

"வடிவாத்தானே இருக்கு?"

"இருட்டில கீழ விழுந்தா எப்பிடித் தெரியும்?"

முதலே கேட்டிருக்கவேண்டிய இரண்டாவது கேள்வி. அந்தக் கறுப்புத் தகடுகள் இப்போது என் லாச்சியில். சில பவுணுக்குச் சிவப்புச் செலிடோர் வாங்கி அன்றைக்கே மாற்றினேன், இருபது நிமிஷம். பெரியப்பா கொடுத்த நாளில் எப்படி இருந்ததோ, வெளியில் இருந்து பார்த்தால் அப்படியேதான் இருக்கிறது.

அப்பா பிளேட்டை மெல்லத் திறந்தார். நடுவில் கொஞ்சம் நிறுத்தினார். விட்டார். 'டக்'. திரும்ப மூடினார். 'டக்'. ஒன்றும் சொல்லாமல் ஒரு தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார். பாதி உரித்த பிறகுதான் வாய் திறந்தார்.

"வில்லு நல்லா இருக்கு."

வீட்டு லாச்சியில் இப்படி ஒரு பழைய கத்தி கிடந்தால் படம் எடுத்து அனுப்புங்கள். கழட்டமுதல் அது யாருடையதோ அவரிடம் ஒருக்கால் கேளுங்கள்.

அடுத்த கிழமை சந்திப்பம்.